மனநல டாக்டரிடம் போகும்போது கையில் ஒரு சீட்டு இருக்கட்டும்

பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். தம்பிக்கு மனசு சரியில்லாமல் போனபோது யாரிடம் காட்டுவது என்று தெரியாமலேயே நாலு மாதம் ஓடிவிட்டது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

நாள் முழுக்க அறைக்குள்ளேயே கிடந்தான். தெருவில் பேசுகிறவர்கள் எல்லாம் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றான். ராத்திரி 2 மணிக்குக் கிணற்றடியில் நின்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பான். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். அதைக் குறை சொல்ல மாட்டேன். கயிறு இன்னும் அவன் கையில் இருக்கிறது, மாத்திரையும் போடுகிறான்.

தர்மபுரிக்காரர்கள் முதலில் போக வேண்டியது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் மனநலப் பிரிவு என்று சொன்னால் போதும். பார்ப்பதற்கும் காசு இல்லை, மாத்திரைக்கும் காசு இல்லை. கிருஷ்ணகிரியிலும் இப்போது மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வருவார். எந்த நாள் என்று கேட்டுவிட்டுப் போங்கள். நான் கேட்காமல் போய் ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, அரசாங்கத்தின் மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

தனியாரிடம் போவதானால் போர்டைப் படியுங்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.டி. சைக்கியாட்ரி, டி.என்.பி. சைக்கியாட்ரி அல்லது டி.பி.எம். என்று மனநல மருத்துவப் படிப்பு ஒன்று இருக்க வேண்டும். கவுன்சலர், சைக்காலஜிஸ்ட் என்று இருந்தால் அவர்கள் வேறு. அவர்கள் பேசிச் சரிசெய்கிறவர்கள், மாத்திரை எழுத மாட்டார்கள். சிலருக்கு இரண்டுமே வேண்டியிருக்கும். ஓசூர் பக்கத்து ஆட்கள் பெங்களூரில் இருக்கும் மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரியான நிமான்ஸுக்குப் போவது உண்டு. ஆனால் என் கணக்கு வேறு. இது ஒரு முறை பார்த்து முடிகிற வைத்தியம் இல்லை, மாதா மாதம் போக வேண்டியது. தெரிந்தவன் பார்த்துவிடுவான் என்று சேலத்துக்குப் போகிறவர்கள் மூன்றாவது மாதம் நிறுத்திவிடுகிறார்கள். ஒரே பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் இருப்பவரைப் பாருங்கள். தெரிந்தவனா? எங்கள் மண்டி ஏஜென்ட் ஒருவரையே அந்த வரிசையில் பார்த்தேன். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

உள்ளே என்ன நடக்கும்? சினிமாவில் வருவது போலப் படுக்க வைத்துக் கதை கேட்பதெல்லாம் இல்லை. தூக்கம், பசி, குடி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, செத்துப் போகலாம் என்று தோன்றியதா என்று நேராகவே கேட்பார். கடைசிக் கேள்வியைக் கேட்டு நான் பதறினேன், தம்பி நிதானமாகப் பதில் சொன்னான். ரத்தப் பரிசோதனையும் எழுதினார். தைராய்டு குறைந்தாலும் ஆள் சோர்ந்து போவானாம். ஷாக் வைப்பார்களோ என்று அம்மா பயந்தாள். எல்லோருக்கும் அது கிடையாது. தேவைப்பட்டாலும் மயக்க மருந்து கொடுக்காமல் வைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது. ஆளைச் சங்கிலியில் கட்டுவதையும் அதே சட்டம்தான் தடை செய்தது.

கூட்டம் அதிகம், எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம். முதல் தடவை அதில் பாதியை அம்மா அழுதே தீர்த்துவிட்டாள். அடுத்த தடவை மண்டிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். எந்த மாதம் ஆரம்பித்தது, எத்தனை மணிக்குத் தூங்கினான், என்ன சொன்னான், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறான், நாட்டு மருந்து உட்பட. டாக்டர் அதை வாங்கி இரண்டு தரம் படித்தார். அன்றைக்குத்தான் மாத்திரையின் அளவை மாற்றினார்.

மாத்திரை போட்ட மறுநாளே தெளிந்துவிடாது. வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் வந்துவிடும், இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்துவது அதைவிட மோசம். தம்பி தீபாவளிக்கு நிறுத்தினான், பொங்கலுக்குள் மறுபடியும் கிணற்றடிக்குப் போய்விட்டான். சாகப் போகிறேன் என்று யாராவது சொன்னால் ஓ.பி. நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள், வழியில் தனியாக விடாதீர்கள்.

வர மாட்டேன் என்றால் என்ன செய்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் பல்லைக் காட்டப் போகலாம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி கேட்டிலேயே இறங்கி நடந்தவன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் நான் மட்டும் தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். அப்படியும் போகலாம். "அவருக்கு எது கஷ்டமோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றார். அவனுக்குக் கஷ்டம் தூக்கம்தான். "தூக்கத்துக்கு ஒரு டாக்டர் இருக்கார்டா" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.