புதுப் பெயின்ட் அடிக்கும் முன்: நகரப் போக்குவரத்து அருங்காட்சியகம் அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடி ஓய்ந்த பஸ் ஒன்று அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்ததும் ஆளுக்கொரு வேலையில் இறங்கிவிடுவார்கள். ஒருவர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார், ஒருவர் துருவைச் சுரண்டுவார், இன்னொருவர் பட்டி பார்த்துப் பளபளவென்று பெயின்ட் அடித்துவிடுவார். திறப்பு விழாப் படங்கள் அருமையாக வரும். ஆனால் அந்த வண்டி எத்தனை முறை நிறம் மாறியது, எந்த டிப்போவின் எண்ணைத் தாங்கியிருந்தது, பக்கவாட்டில் என்ன விளம்பரம் இருந்தது என்பதெல்லாம் அந்த முதல் வாரத்திலேயே சாக்கடையோடு போயிருக்கும். இந்தத் துறையில் சில தவறுகளைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். சிலவற்றைச் செய்தது செய்ததுதான். இங்கே பேசப்போவது பெரும்பாலும் இரண்டாவது வகை பற்றி.

பெயின்ட், தகடு, மரச்சட்டம்

பழைய வண்டியின் மேல் படிந்திருக்கும் பெயின்ட் அடுக்குகள்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். அவற்றைப் படிக்காமல் சுரண்டக் கூடாது. வெயில் அதிகம் படாத இடமாகப் பாருங்கள்: கதவுக் கீலின் பின்புறம், கைப்பிடிக் கம்பி பொருந்தும் இடம், நம்பர் பிளேட்டின் அடிப்பக்கம். அங்கே இரண்டு மூன்று செ.மீ. அகலத்துக்கு, தண்ணீர் தொட்டு 400ஆம் எண் உப்புத்தாளால் நடுவிலிருந்து வெளியே மெல்லத் தேயுங்கள். பிறகு 800, கடைசியில் 1200. அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியத் தொடங்கும். வண்ண அளவுகோலை (நிறக் கட்டங்கள் அச்சான அட்டை) பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, உள்ளிருந்து வெளியே என்னென்ன நிறம் என்று வரிசையாக எழுதி வைக்கவும். ஒரே இடத்தில் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். ஒரு பக்கத் தகடு மட்டும் விபத்தில் மாற்றப்பட்டிருக்கலாம். நான்கைந்து இடங்களாவது பார்த்தால்தான் கணக்கு ஒத்துவரும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் மெஷின் போட்டு உலர்வாகத் தேய்ப்பது ஆபத்து. பழைய பிரேக் லைனிங், புகைக்குழாயைச் சுற்றியுள்ள கட்டு, என்ஜின் அறைத் தடுப்புப் பலகை ஆகியவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்துத் தூசி தட்டும் பழக்கத்தை இந்த வேலைக்குள் கொண்டுவரவே கூடாது.

முழுவதும் பெயின்ட் அடித்தே தீர வேண்டும் என்றால், ஒரு தகடையாவது வந்தபடியே விட்டுவைக்கவும். பார்வையாளர்கள் அதிக நேரம் நிற்பதும் அந்தத் தகடின் முன்னால்தான்.

அலுமினியத் தகடு, எஃகுச் சட்டம், நடுவில் ஈரம். இந்த மூன்றும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அதன் மேல் பட்டி பூசி மறைத்தால் உள்ளே அரிப்பு தொடரும், சில வருடத்தில் பட்டி பாளமாக விழும். தகடைக் கழற்றி, இரண்டு உலோகமும் நேராகத் தொடாதபடி இடையில் தடுப்பு டேப்போ பசையோ வைத்து, அலுமினிய ரிவெட் அடிக்க வேண்டும். அவசரத்துக்கு எஃகு திருகாணி போட்டால் பழைய கதை மறுபடி ஆரம்பிக்கும்.

மரச்சட்டம் கொண்ட பழைய பாடி என்றால் அழுகல் முதலில் தூணின் அடிப்பாகத்தில்தான் வரும். மெல்லிய குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் அந்தத் தூண் போய்விட்டது என்று அர்த்தம். இப்படிப்பட்ட வண்டியை பிரஷர் வாஷரால் கழுவுவது அழுகலுக்கு நாமே தண்ணீர் ஊற்றுவது. ஷெட் கிடைக்கும்வரை தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றி வைப்பதும் அப்படித்தான். உள்ளே ஈரம் வெளியேற வழியின்றி நிற்கும். தார்ப்பாயைச் சட்டம் கட்டித் தூக்கிப் போட்டு, பக்கங்களில் காற்றோட விடவும்.

ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிடுவது நல்லது என்று நம்பாதவர்கள் குறைவு. உண்மையில் அது கெடுதல். எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. என்ஜின் முழுச்சூடு அடையாவிட்டால் அது ஆயிலிலும் புகைக்குழாயிலும் நீராகப் படிந்து, எரிந்த புகையின் அமிலத்தோடு சேர்ந்து பேரிங்கை அரிக்கும். ஓட்டுவதானால் அரைமணிக்குக் குறையாமல் சாலையில் பாரத்தோடு ஓட்ட வேண்டும். கூலன்ட் சூடானால் போதாது, ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும்.

ஓட்ட வழியில்லையென்றால் முறையாக உறங்க வையுங்கள். அழுக்கு ஆயிலை மாற்றவும், டீசல் டேங்கைக் காலி செய்யவும், ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் நிற்க விடாமல் முழுதும் வடிக்கவும் அல்லது துருத்தடுப்பான் கலந்த கூலன்ட் நிரப்பவும், பேட்டரியைக் கழற்றவும், பிரேக்குக்கான காற்றுத் தொட்டிகளில் தேங்கிய நீரை வடிக்கவும். காற்று புகும் வழியையும் புகைக்குழாய் வாயையும் மூடிவிட்டு, “என்ஜின் உறக்கத்தில் உள்ளது, ஸ்டார்ட் செய்யாதீர்கள்” என்று ஸ்டியரிங்கில் அட்டை மாட்டவும். அட்டை இல்லாவிட்டால் ஆர்வக்கோளாறில் யாராவது ஒருவர் நிச்சயம் சாவி போடுவார்.

டயரும் அப்படியே. ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். ஆக்சிலுக்கு அடியில் தாங்கி கொடுத்து, டயர் தரையை விட்டு ஒரு விரல் எழும்படி நிறுத்தவும். பாடிக்கு அடியில் முட்டுக் கொடுத்தால் சட்டம் வளையும். பழைய லாரி, பஸ் சக்கரங்களில் பூட்டு வளையத்தோடு வரும் பல துண்டு ரிம் இருக்கும். காற்றை முழுதும் இறக்காமல் அதைக் கழற்றுவதும், இரும்புக் கூண்டுக்குள் வைக்காமல் காற்றடிப்பதும் உயிருக்கே உலை வைக்கும். வளையம் தெறித்தால் தப்பிக்க நேரமே இருக்காது.

டிராம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரத்தில் நின்ற மோட்டாருக்கு மெகர் கருவியால் இன்சுலேஷன் அளந்து பார்க்காமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. குறைவாகக் காட்டினால் முதலில் உலர்த்த வேண்டும்.

துணிச்சுருளும் டிக்கெட்டும்

எங்களைக் கேட்டால், வண்டியை விடவும் பெரிய ஆவணம் அதன் நெற்றியில் இருந்த ஊர்ப்பெயர்த் துணிச்சுருள். வரிசையாக அச்சான நிறுத்தங்கள், மேலே பெயின்ட் பூசி மறைத்த பெயர், பின்னால் வெட்டித் தைத்துச் சேர்த்த புதுக் குடியிருப்பின் பெயர் எல்லாம் சேர்ந்து, நகரம் எந்தத் திசையில் வளர்ந்தது என்பதைக் காட்டிவிடும். நிதி திரட்ட இதைத் துண்டு துண்டாக வெட்டி ஃபிரேம் போட்டு விற்பவர்கள் உண்டு. வெட்டிய நாளோடு அந்த வரிசை போயிற்று.

செய்ய வேண்டியது: நீள மேசையில் இரண்டு பேர் சேர்ந்து மெல்ல விரித்து, அளவுகோல் வைத்து, ஒவ்வொரு படமும் முந்தையதன் ஓரத்தைக் கொஞ்சம் தொடும்படி முழுச் சுருளையும் படம் எடுக்கவும். வெற்றிடங்களையும் தையல்களையும் சேர்த்துப் பட்டியலிடவும். பிறகு அமிலமற்ற அட்டைக் குழாயில், எழுத்து வெளிப்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுற்றி, துவைத்த பருத்தித் துணியால் மூடவும். பார்வையாளர் சுழற்றி விளையாட நகல் ஒன்று அச்சடித்துக்கொள்ளலாம்.

டிக்கெட் கட்டுகளில் ரப்பர் பேண்டும் ஸ்டேப்ளர் பின்னும்தான் முதல் எதிரி. ரப்பர் உருகித் தாளோடு ஒட்டும், பின் துருப்பிடித்து ஓட்டை போடும். பின்னை இழுக்காமல் பின்பக்கக் கால்களை நிமிர்த்தி எடுக்கவும். செல்லோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பதிவு எண்ணை டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதி, பாலியெஸ்டர் உறையில் வைக்கவும். காட்சிப் பெட்டியில் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டாமல், சில மாதத்துக்கு ஒருமுறை டிக்கெட்டை மாற்றி வைத்தால் நிறம் நிற்கும்.

மை இல்லாமல் சூட்டால் எழுத்துப் பதியும் வெப்பத்தாள் டிக்கெட் இன்னும் மோசம். வெளிச்சம், சூடு, பிவிசி உறை எதுவானாலும் எழுத்து மங்கிவிடும். கையில் கிடைத்த அன்றே 600 டிபிஐயில் இருபுறமும் ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

இடமும் எழுத்துப் பூர்வமான உரிமையும்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள சீஷோர் டிராலி அருங்காட்சியகம் 1939இல் ஒரே ஒரு டிராம் வண்டியோடு தொடங்கியது. இன்று அங்கே இருப்பவை 200க்கும் மேல். ஒன்று வந்தால் பின்னாலேயே மற்றவை வரும், இடம் மட்டும் வராது. 11 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் உள்ள பஸ்ஸைச் சுற்றி ஆள் நடக்க ஒரு மீட்டர் விட்டால் 58 சதுர மீட்டருக்கு மேல் போகும். மாடி பஸ் என்றால் கூரை உயரம் மட்டுமல்ல, வாசல் உயரத்தையும் அளக்க வேண்டும். லண்டனின் ரூட்மாஸ்டர் 4.38 மீட்டர். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு சுவரை இடிப்பது அதிகச் செலவு.

“வைத்துக்கொள்ளுங்கள்” என்று வாய்வார்த்தையாக வந்த பொருளுக்கு ஒருநாள் வாரிசு வந்து நிற்பார். அன்பளிப்பா, இரவலா, இரவல் என்றால் எத்தனை ஆண்டு என்று கையெழுத்து வாங்கி, ஆண்டு, வரிசை எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றவும். காலவரையற்ற இரவலை ஏற்காதீர்கள்.

பொருளை மட்டும் சேர்ப்பது

ஓட்டுநர், நடத்துநர், மெக்கானிக் ஆகியோரிடம் “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். டிக்கெட் மெஷினை மேசையில் வைத்து, கணக்கு முடிப்பது எப்படி, மணி எத்தனை முறை அடித்தால் என்ன அர்த்தம் என்று கேளுங்கள். கை தானாகவே நகரும். அதையும் வீடியோவில் பிடிக்கவும். ஒப்புதல் படிவம் அன்றே வாங்கவும். பதிவுகளை மூன்று பிரதியாக வைத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்கவும்.

இன்று ஓடும் வண்டிகளை விட்டுவிடுவதும் தவறுதான். மின்னணு டிக்கெட் மெஷினை டிப்போவில் கழிக்கும்போது, சார்ஜர், கேபிள், பயிற்சிக் கையேடு ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் திரை ஒளிராத வெறும் பெட்டிதான் மிஞ்சும். வந்ததும் திரையில் வரும் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிட்டு, உப்பிப்போகும் முன் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்கவும்.