கோல்ஃப் கார்ட்டை லித்தியம் பேட்டரிக்கு மாற்றுவது எப்படி: 48 வோல்ட் கிளப் கார் பிரிசிடென்ட்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பீச்ட்ரீ சிட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. கோல்ஃப் கார்ட் என்ற சின்ன மின்சார வண்டி போவதற்கென்றே அங்கே 160 கிலோமீட்டருக்கு மேல் தனிப் பாதைகள் உண்டு. கடைக்கும் பள்ளிக்கும்கூட அதில்தான் போகிறார்கள். அப்படித் தினமும் ஓடும் வண்டிக்கு லெட்-ஆசிட் பேட்டரி பெரிய சுமை. தண்ணீர் ஊற்ற வேண்டும், டெர்மினலில் பூக்கும் உப்பைத் துடைக்க வேண்டும், பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியத்தில் இந்த மூன்று தொல்லையும் இல்லை.

ஆனால் பேட்டரியைக் கழற்றி மாட்டுவது மட்டும் மாற்றம் ஆகாது. சார்ஜர், மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், விளக்கு என்று வண்டியில் இருக்கும் எல்லாமே லெட்-ஆசிட்டை நம்பி அமைக்கப்பட்டவை. அவற்றையும் சரிசெய்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். எல்லா மாடலுக்கும் பொதுவாகச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் ஆறு 8 வோல்ட் பேட்டரியோடு வந்த, கிளப் கார் நிறுவனத்தின் பிரிசிடென்ட் (Precedent) மாடலை வைத்தே சொல்கிறேன்.

படி 1: சரியான பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை மட்டும் வாங்குங்கள். லித்தியம் வகைகளில் சூட்டைத் தாங்குவதில் இது நம்பகமானது. வீட்டோடு ஒட்டிய கராஜில் நிற்கும் வண்டிக்கு அது முக்கியம். ஒரு செல் 3.2 வோல்ட். 16 செல் வரிசையாகச் சேர்ந்தால் 51.2 வோல்ட். 48 வோல்ட் வண்டிக்குப் பொருந்துவது இதுதான்.

இப்படிச் செல்கள் சேர்ந்த ஒரே பெட்டிக்குப் பேக் என்று பெயர். 105 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள பேக்கில் சுமார் 5.4 கிலோவாட்-அவர் இருக்கும். பழைய 170 ஆம்பியர்-அவர் செட்டில் எட்டுக்கு மேல் இருந்ததே என்று தோன்றலாம். அதில் பாதியைத்தான் நிம்மதியாகப் பயன்படுத்த முடியும், லித்தியத்தில் பெரும்பகுதியையும் பயன்படுத்தலாம். ஆகவே தூரம் குறையாது.

ஆம்பியர்-அவரைவிட முக்கியமானது பிஎம்எஸ் எவ்வளவு கரண்ட் தரும் என்பது. பேக்குக்குள் இருந்து செல்களைக் காக்கும் பலகைதான் பிஎம்எஸ். அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் அது மொத்தமாக இணைப்பைத் துண்டித்துவிடும். பிரிசிடென்டில் வரும் சாதாரண கன்ட்ரோலரே 250 ஆம்பியர் வரை இழுக்கும். 100 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ள மலிவு பேக்கைப் போட்டால், நாலு பேரோடு மேட்டில் ஏறும்போது வண்டி நடுவிலேயே செத்து நிற்கும். தொடர்ந்து 200 ஆம்பியர், சில விநாடிகளுக்கு 400 ஆம்பியர் தரும் பேக்காகப் பாருங்கள். கன்ட்ரோலரை ஏற்கெனவே பெரிதாக்கியிருந்தால் அதற்கு ஏற்ப இன்னும் கூட்ட வேண்டும்.

நாலு 12 வோல்ட் லித்தியத்தை வரிசையாக மாட்டலாமா என்று பலர் கேட்பார்கள். மாட்டலாம், ஆனால் நான் வேண்டாம் என்பேன். ஒவ்வொன்றிலும் தனித்தனி பிஎம்எஸ். ஒன்று முந்தி நிரம்பினாலும், முந்தி தீர்ந்தாலும் நாலும் சேர்ந்து நின்றுவிடும். ஒரே 51.2 வோல்ட் பேக்தான் நல்லது.

படி 2: பழையதைக் கழற்றுவது

மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்; இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் அது அங்கேயே வெல்டிங் ஆகிவிடும். கழற்றும் முன் ஒயரிங்கை நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் ரன்/டோ (ஓட்ட/கட்டி இழுக்க) சுவிட்சை டோவுக்குத் தள்ளுங்கள். முதலில் பேக்கின் மெயின் நெகடிவ், அப்புறம் மெயின் பாசிடிவ். கன்ட்ரோலரின் கபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், இரண்டு நிமிடம் விட்டுத் தொடுங்கள். பேட்டரி ஒவ்வொன்றும் 28 கிலோ வாக்கில் இருக்கும். துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு தூக்குங்கள். காலியான தட்டை சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

படி 3: ஓபிசி பெட்டியை விலக்குவது

கிளப் காரில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பழைய 48 வோல்ட் வண்டிகளில் ஓபிசி என்று ஒரு கறுப்புக் கணினிப் பெட்டி உண்டு. எவ்வளவு மின்சாரம் போனது, எவ்வளவு வந்தது என்று லெட்-ஆசிட் கணக்குப் போட்டு சார்ஜரை ஆட்டிவைப்பது அதுதான். பேட்டரியின் நெகடிவ் கேபிளும் அதன் வழியாகவே போகும். லித்தியத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. உங்கள் வண்டியின் ஆண்டுக்கான ஒயரிங் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புதிய நெகடிவ் கேபிளை நேரே கன்ட்ரோலருக்குக் கொடுங்கள். சார்ஜிங் சாக்கெட்டின் நெகடிவும் நேராகப் பேக்குக்கு வரட்டும். பிற்காலத்தில் எரிக் (ERIC) என்ற வேறு வகை சார்ஜரோடு வந்த வண்டிகளில் இந்தப் பெட்டி கிடையாது.

சார்ஜர் மாட்டியிருக்கும்போது வண்டி நகராமல் தடுத்ததும் இதே ஓபிசிதான். விலக்கிய பிறகு ஒயரோடு வண்டியை எடுத்துவிட வாய்ப்பு உண்டு. தடுக்கும் ரிலே வைத்த சார்ஜிங் கிட் வாங்குவது நல்லது.

படி 4: மாட்டுவதும் ப்ரீசார்ஜும்

புதிய பேக் சுமார் 45 கிலோதான், தட்டில் பாதி இடம் காலியாக இருக்கும். பட்டையும் போல்ட்டும் போட்டு அசையாமல் கட்டுங்கள். 2 கேஜ் செம்புக் கேபிள் போதும். பாசிடிவ் பக்கத்தில், பேக்குக்குப் பக்கத்திலேயே கிளாஸ்-டி (Class T) பியூஸ் ஒன்று வையுங்கள்.

பேட்டரியைக் கன்ட்ரோலரோடு இணைக்கும் பெரிய மின்காந்த சுவிட்ச்தான் சொலினாய்டு. அதன் இரண்டு பெரிய முனைகளுக்கு நடுவே சில நூறு ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சொலினாய்டு மூடும் கணத்தில் காலியான கபாசிட்டர் பெரும் கரண்டை உறிஞ்சும். லெட்-ஆசிட்டின் உள் தடை அதை அடக்கிவந்தது. லித்தியம் அப்படியே கொட்டிவிடும். ஷார்ட் என்று நினைத்து பிஎம்எஸ் கட் ஆகும். ரெசிஸ்டர் கபாசிட்டரை முன்கூட்டியே மெதுவாக நிரப்பி வைக்கிறது; ப்ரீசார்ஜ் என்பது இதுதான். சோதிப்பது எளிது: பெடலை மிதிக்காமலே கன்ட்ரோலரின் பாசிடிவ், நெகடிவ் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். பேக்கின் வோல்டேஜை ஒட்டி வர வேண்டும்.

விளக்கும் ஹாரனும் முன்பு ஒன்றிரண்டு பேட்டரியிலிருந்து தனியாக எடுக்கப்பட்டிருந்தால், இப்போது அப்படி எடுக்க இடமில்லை. 48-லிருந்து 12 வோல்ட்டுக்கு இறக்கும் டிசி கன்வர்ட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

படி 5: சார்ஜரும் மீட்டரும்

பழைய சார்ஜரை வண்டியோடு வைத்திருக்கவே வேண்டாம். 58.4 வோல்ட்டில் முடியும் லித்தியம் சார்ஜர்தான் வேண்டும். 18 ஆம்பியர் சார்ஜர் காலியான 105 பேக்கை ஆறு மணி நேரத்தில் நிரப்பும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் கெட்டுப்போகும். நல்ல பிஎம்எஸ் அந்தக் குளிரில் சார்ஜை மறுத்துவிடும். பழுது என்று பயப்படாதீர்கள்.

பழைய மீட்டர் வோல்டேஜைப் பார்த்துச் சொல்வது. லித்தியத்தின் வோல்டேஜ் 90 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை ஒன்றிரண்டு வோல்ட்தான் நகரும், ஆகவே அது காட்டுவது பொய்யாகிவிடும். ஷன்ட் (கரண்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்து கரண்டை எண்ணும் மீட்டரோ, பிஎம்எஸ்ஸின் புளூடூத் ஆப்போ வேண்டும்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, முன்னும் பின்னும் சுழற்றிப் பாருங்கள். அப்புறம் சமதளத்தில் ஓட்டுங்கள், கேபிள் முனைகளைத் தொட்டுச் சூடு பாருங்கள். சூடாக இருந்தால் அந்த போல்ட் தளர்வு.

கடைசியாக மேடு. பிரிசிடென்ட் இறக்கத்தில் மோட்டாரையே பிரேக்காக்கி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். பேக் நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் அதற்கு இடமில்லை. பிஎம்எஸ் கட் ஆகி, மோட்டார் பிரேக் போய்விடும். மேட்டு உச்சியில் வீடு உள்ளவர்கள் 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்திப் பழகுங்கள். முதல் இறக்கத்தில் காலைப் பிரேக் பெடல் மேலேயே வைத்திருங்கள்.

பழைய ஆறு பேட்டரியையும் குப்பையில் போடாதீர்கள். புதிய பேட்டரி விற்கும் கடைகளும் பழைய இரும்புக் கடைகளும் காரீயத்துக்காகக் காசு கொடுத்தே எடுத்துக்கொள்ளும்.