பெட்டி வரவில்லையா, உடைந்து வந்ததா: விமானப் பயணி செய்ய வேண்டியவை

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்திறங்கிய என் அக்காவின் பெட்டி, பெல்ட்டில் வரும்போதே ஒரு பக்கம் பிளந்திருந்தது. நள்ளிரவு தாண்டிய நேரம். வெளியே வேன் காத்திருந்தது. மடியில் இருந்த குழந்தை அழுதுகொண்டிருந்தது. துப்பட்டாவால் பெட்டியை இறுகக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் அவர் விமான நிறுவனத்துக்கு எழுதியபோது, புகார் தருவதற்கான ஏழு நாள் கடந்துவிட்டதால் கோரிக்கையை ஏற்க இயலாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அந்தப் பதில் சட்டப்படி சரியானது என்பதுதான் எங்களை அதிகம் வருத்தியது. பெட்டி தொடர்பான சட்டம் பெரும்பாலும் பயணியின் பக்கமே நிற்கிறது. ஆனால் நாள் கணக்கைத் தவறவிட்டவருக்கு அது உதவாது.

முதலில், உங்கள் பயணம் எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பயணங்களுக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். இந்தியா 2009இல் அதில் இணைந்தது. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவையும் அதில் உள்ளன. உள்நாட்டுப் பயணங்களுக்கு நம் 1972ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட தனி வரம்பு உண்டு. பலர் கவனிக்காத ஒரு நுட்பம் இங்கே இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னை வழியாகச் சிங்கப்பூருக்கு ஒரே டிக்கெட்டில் செல்பவருக்கு மதுரை–சென்னைப் பகுதியும் வெளிநாட்டுப் பயணத்தின் அங்கமாகவே கருதப்படும். அதே வழியை இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளாக எடுத்தவருக்கு, முதல் பகுதியில் பெட்டி தொலைந்தால் உள்நாட்டு வரம்பே கிடைக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று டிக்கெட்டைப் பிரித்து எடுப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

செக்-இன் கவுண்டரில் பெட்டியை ஒப்படைக்கும்போது, அதில் சுற்றப்படும் ஒட்டுச்சீட்டில் நீங்கள் இறங்க வேண்டிய ஊரின் மூன்றெழுத்துக் குறி சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பாருங்கள். சென்னைக்கு ‘எம்.ஏ.ஏ.’, திருச்சிக்கு ‘டி.ஆர்.இசட்.’ என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். உங்களிடம் தரப்படும் துண்டுச் சீட்டில் உள்ள பத்து இலக்க எண்தான் அந்தப் பெட்டியின் அடையாளம். போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டித் தரப்படும் அதை வீடு வந்து சேரும்வரை கிழித்தெறியக் கூடாது. பெட்டியை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பவற்றைத் திறந்த நிலையில் ஒரு படமும், பூட்டிய பின் வெளிப்புறத்தை ஒரு படமும் கைப்பேசியில் எடுத்து வையுங்கள். நகை, ரொக்கம், பாஸ்போர்ட், சான்றிதழ், அன்றாடம் உட்கொள்ளும் மருந்து ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். இவற்றைப் பதிவுப் பெட்டியில் வைக்கக் கூடாது என்று பெரும்பாலான நிறுவனங்களின் பயண விதிகள் சொல்வதால், தொலைந்த பின் இவற்றுக்காக வாதிடுவது மிகக் கடினம்.

இனி, பெல்ட் நின்றுவிட்டது, உங்கள் பெட்டி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடத்தைவிட்டு வெளியே வராதீர்கள். சுங்கப் பகுதியைத் தாண்டி வெளியேறியவர் திரும்ப உள்ளே நுழைவது எளிதல்ல. பெட்டி சேவைக் கவுண்டர் பெல்ட்டுகளின் அருகிலேயே இருக்கும், அங்கே ‘பி.ஐ.ஆர்.’ எனப்படும் பெட்டிக் குறைபாட்டு அறிக்கையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பெட்டியின் நிறம், வகை, உற்பத்தி நிறுவனம், கட்டியிருந்த ரிப்பன்வரை சொல்லுங்கள். உள்ளே மேலாக இருக்கும் இரண்டு மூன்று பொருள்களையும் எழுதச் சொல்லுங்கள். சீட்டு கிழிந்துபோன பெட்டியைத் திறந்து பார்த்து உரியவரைக் கண்டுபிடிக்க அதுவே உதவும். பதிவு முடிந்ததும் பத்து எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறியீடு கிடைக்கும்: முதல் மூன்று விமான நிலையத்தையும், அடுத்த இரண்டு நிறுவனத்தையும், கடைசி ஐந்து இலக்கம் உங்கள் புகாரையும் குறிக்கும். அந்தக் குறியீடு இல்லாமல், ‘நாங்கள் கூப்பிடுகிறோம்’ என்ற வாய்வார்த்தையை மட்டும் நம்பி யாரும் கிளம்பக் கூடாது. பெட்டி உடைந்து வந்திருந்தாலும் இதே கவுண்டர்தான், இதே அறிக்கைதான். புகார் எதுவும் இல்லாமல் எடுத்துச் சென்றால், பெட்டி நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு அதுவே முதற்சான்றாகிவிடும். பிறகு உடைப்பை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

கவுண்டரில் தரும் அறிக்கையோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. இழப்பீடு கேட்கும் கடிதத்தைத் தனியாக, எழுத்தில் அனுப்ப வேண்டும். தொலைபேசியில் சொன்னது எழுத்துப் புகார் ஆகாது. மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமடைந்த பெட்டிக்குக் கையில் கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் புகார் எழுத வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, அது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள் அவகாசம் உண்டு. வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழிந்தும் வராத பெட்டி தொலைந்ததாகக் கொள்ளப்படும். நிறுவனம் ‘தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாலும், அதன்பின் முழு இழப்புக்கும் நீங்கள் உரிமை கோரலாம். வழக்குத் தொடர்வதற்கு இரண்டு ஆண்டு. விமான எண், தேதி, ஒட்டுச்சீட்டு எண், அறிக்கைக் குறியீடு, கேட்கும் தொகை ஆகியவற்றைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் அனுப்பினால், அனுப்பிய நாளுக்கான சான்றும் உங்களிடமே இருக்கும்.

பெட்டி வரும்வரை மாற்றுத் துணி, பற்பசை, செருப்பு, குழந்தைக்கான பொருள் என்று வாங்கிய அத்தியாவசியச் செலவையும் கேட்கலாம். இதற்கெல்லாம் ரசீது வேண்டும். துணிக்கடையில் கணினி பில் கேட்டு வாங்குங்கள். திருமணத்துக்காக வந்தவர் ஒரு பட்டு வேட்டி வாங்கியதை நியாயப்படுத்தலாம். மூன்று நாளில் வந்துவிட்ட பெட்டிக்காகப் புதிய கைப்பேசி வாங்கியதை நியாயப்படுத்த முடியாது.

தொகை எவ்வளவு? வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலும், சேதமானாலும், தாமதமானாலும் ஒரு பயணிக்கு உடன்படிக்கை வைத்திருக்கும் உச்ச வரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். பன்னாட்டு நாணய நிதியம் ஐந்து நாணயங்களைக் கொண்டு கணக்கிடும் அலகு அது. நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். உள்நாட்டுப் பயணத்துக்கான வரம்போ 20,000 ரூபாய்தான். இரண்டுக்கும் உள்ள இந்த இடைவெளி எனக்கு நியாயமாகப் படவில்லை. பெட்டிக்குள் இருக்கும் பொருளின் விலை எல்லையைத் தாண்டியதும் கூடிவிடுவதில்லை. இவை உச்ச வரம்புகளே தவிர, தானாகக் கைக்கு வரும் தொகை அல்ல என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். பொருள்களைப் பட்டியலிட்டு, வாங்கிய ஆண்டையும் விலையையும் குறித்து, இயன்றவரை ரசீது இணைத்தால்தான் வரம்பை நெருங்க முடியும். மதிப்புமிக்க பொருளைப் பதிவுப் பெட்டியில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால், செக்-இன்போதே அதன் மதிப்பைச் சிறப்பு அறிவிப்பாகத் தந்து, கேட்கும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தினால், அறிவித்த தொகைவரை வரம்பு உயரும்.

‘சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் நாங்கள் பொறுப்பில்லை’ என்று கவுண்டரில் சொன்னால் அதையே முடிந்த முடிவாக ஏற்க வேண்டாம். வெளிநாட்டுப் பயணத்தில், பெட்டிக்கே உரிய குறையால் நேர்ந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. ஆனால் உடன்படிக்கை விதித்த பொறுப்பிலிருந்து நழுவ நிறுவனம் தானாகச் சேர்த்துக்கொள்ளும் நிபந்தனை செல்லாது என்று அதன் 26ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். இரண்டு நிறுவனங்களின் விமானங்களில் மாறி வந்திருந்தால், ‘அவர்களைக் கேளுங்கள்’ என்று ஒருவரையொருவர் கைகாட்டுவதும் வழக்கம். முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், பெட்டி தொலைந்த பகுதியை இயக்கிய நிறுவனம் ஆகிய மூவரில் எவரிடமும் நீங்கள் கேட்கலாம். அவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள்.

பதில் வராவிட்டால் மத்திய அரசின் ‘ஏர்சேவா’ தளத்தில் புகாரைப் பதியலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அதற்கும் அசையாத நிறுவனத்தின் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். டிக்கெட்டுக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். உள்நாட்டுப் பயணமென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். வெளிநாட்டுப் பயணத்தில், சேரும் இடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்பது உடன்படிக்கையின் விதி. போய்வரும் டிக்கெட்டில் புறப்பட்ட ஊரே சேரும் இடமாகக் கொள்ளப்படும். டிக்கெட், போர்டிங் பாஸ், ஒட்டுச்சீட்டு, அறிக்கை, மின்னஞ்சல்கள், ரசீதுகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டு மனுவை எழுதத் தொடங்குங்கள்.