மேற்கு ஜன்னல் வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவது எப்படி?

மெல்பர்னில் இருக்கும் அக்கா மகள், ஜூலைக் குளிருக்கு ஜன்னல் கண்ணாடி முழுக்க பபிள் ராப் ஒட்டிப் படம் அனுப்பினாள். "சித்தி, நீங்களும் ஒட்டிப் பாருங்க, ஹால்ல சூடு குறையும்" என்றாள். எங்கள் வீடு பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒன்பதாம் மாடி, மேற்குப் பார்த்த ஹால். நானும் ஒட்டினேன். சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்தால் முதுகு வெந்தது.

அவள் மேல் தப்பில்லை. அங்கே ஹீட்டர் சூடு கண்ணாடி வழியாக வெளியே போகாமல் இருக்க வேண்டும். குமிழிக்குள் அடைபட்ட காற்று அதைத் தடுக்கும். இங்கே வருவது நேர் வெயில். அது குமிழியையும் கண்ணாடியையும் சட்டை செய்யாது. சாதாரண ஒற்றைக் கண்ணாடி, விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். தரையும் சோபாவும் அதை வாங்கிச் சூடாகும். அந்தச் சூட்டை மட்டும் கண்ணாடி திரும்ப வெளியே விடாது. ஆகவே நாம் வெயிலை மறிக்க வேண்டிய இடம் கண்ணாடிக்கு வெளியே.

முதலில் ஒரு நாள் வேடிக்கை பாருங்கள்

கடைக்கு ஓடாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணிக்கு ஒரு தடவை வெயில் தரையில் எதுவரை வருகிறது என்று மாஸ்கிங் டேப்பால் கோடு ஒட்டுங்கள். 1982-ல் மலேசியத் தீபகற்பத்துக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதே ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்குத்தான். 4 மணி வெயில், சூரியக் கணக்கில் 3 மணிகூட ஆகாத வெயில். மேற்கு ஜன்னலுக்கு மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை விடுதலை இல்லை.

வடக்கு ஜன்னலில் ஜூன் வாக்கிலும், தெற்கு ஜன்னலில் டிசம்பர் வாக்கிலும் வெயில் விழும். அப்போது சூரியன் உயரத்தில் இருப்பதால் மேலே ஒரு சின்ன சஜ்ஜா போதும். கிழக்கும் மேற்கும்தான் தொல்லை. தாழ்ந்து வரும் வெயில் சஜ்ஜாவுக்குக் கீழே புகுந்துவிடும்.

வெளியே தட்டி

ஜார்ஜ்டவுன் அஞ்சடியில் (கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை) நடந்தவர்களுக்கு இது புதிதில்லை. கடைப் பெயர் எழுதிய மூங்கில் தட்டி தொங்கும்; அதற்குப் பின்னால் சுவர் குளிர்ந்து கிடக்கும். பால்கனி இருந்தால் அதையே செய்யுங்கள். ஜன்னலைவிட இரு பக்கமும் 10 செண்டிமீட்டர் அகலமான தட்டி வாங்கி, பால்கனிக் கூரையின் உள்பக்கம் கொக்கி அடித்து மாட்டுங்கள். தட்டிக்கும் கண்ணாடிக்கும் ஒரு முழமாவது இடைவெளி விடுங்கள், சூடான காற்று மேலே போய்விடும். கீழ்நுனியை இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டியே ஆகவேண்டும். மழைக்கு முன் அடிக்கும் காற்றில் அது பறந்து யார் தலையிலாவது விழுந்தால் என்ன ஆகும்? வெளிச்சுவரில் எதையும் பொருத்துவதற்கு முன் மேனேஜ்மெண்டிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நான் வாயால் கேட்டுவிட்டு மாட்டி, மூன்றாம் வாரம் கழற்றினேன்.

பால்கனி இல்லையென்றால் டிண்டட் பிலிம்

கருப்பாக இருந்தால் நன்றாகத் தடுக்கும் என்று நம்பாதீர்கள். கடைக்காரர் "அகச்சிவப்பை இத்தனை சதவீதம் தடுக்கும்" என்று பெரிய எண்ணாகச் சொல்வார். வெயிலின் சக்தியில் ஏறக்குறைய பாதிதான் அது. மொத்தச் சூரிய சக்தியில் எவ்வளவு தடுக்கும் என்று கேளுங்கள். உங்கள் கண்ணாடிக்குள் கம்பிவலை இருந்தால் ஒட்டவே வேண்டாம். சூடேறி விரிசல் விடலாம். முகம் பார்க்கும் கண்ணாடி போல மினுங்கும் பிலிம் பகலில் உள்ளே நடப்பதை மறைக்கும். இரவில் விளக்குப் போட்டால் எதிர் பிளாக் முழுவதும் உங்கள் வீட்டு டிராமாதான்.

மேற்கு ஜன்னலுக்குக் காலையில் ஒட்டுங்கள். சூடான கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் உடனே காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்துங்கள், தூசி பறக்கக்கூடாது. கண்ணாடியின் உள்பக்கத்தைக் கழுவி, பெயிண்ட் புள்ளிகளைப் பிளேடால் சுரண்டி எடுங்கள். பிலிமை நாலு பக்கமும் 2 செண்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சில துளி பேபி ஷாம்பு கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, கண்ணாடியில் வழிய வழிய அடியுங்கள். பிலிமின் மூலையில் முன்னும் பின்னும் இரண்டு துண்டு டேப் ஒட்டி இழுத்தால் பின்தாள் பிரியும். பிரியப் பிரிய பசைப் பக்கத்திலும் தண்ணீர் அடிக்க இன்னொரு ஆள் வேண்டும். தனியாகச் செய்தால் பிலிம் உங்கள் கையிலேயே ஒட்டிக்கொள்ளும், நான் ஒரு மீட்டர் வீணாக்கினேன்.

மேலிருந்து ஒட்டி, பிலிமின் மேலும் தண்ணீர் அடித்து, கார் கண்ணாடி துடைக்கும் ரப்பர் துடைப்பானால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். பிறகு ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அங்கங்கே தண்ணீர்த் திட்டு தெரியும்; ஊசியால் குத்தாதீர்கள், சில வாரத்தில் தானே வற்றும். ஒரு மாதம் அந்தப் பக்கம் கழுவ வேண்டாம்.

திரை, சந்துகள்

உள்ளே திரை போடுவது கடைசிக் காவல். வெளியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். வெயில் வருவதற்கு முன்பே இழுத்துவிடுங்கள், வந்த பிறகு இழுத்தால் பாதிப் பலன்தான்.

ஏர்கோன் உள்ள அறையில் பழைய நாக்கோ ஜன்னல் (கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறப்பது) என்றால் சந்து நிறைய. ஃபேனை நிறுத்தி ஏர்கோனை மட்டும் ஓடவிட்டு, திரையை ஒதுக்கிவிட்டு, ஒரு ஊதுபத்தியைச் சட்டத்தின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை வளையும் இடத்தில் ஹார்ட்வேர் கடை ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினால் போதும்.

விடியற்காலையில் கண்ணாடி வியர்த்திருந்தால் பயப்படாதீர்கள். மெல்பர்னில் உள்பக்கம் வியர்க்கும். நமக்கு ஈரக்காற்று வெளியில் இருப்பதால் வெளிப்பக்கம். கண்ணாடி ரொம்பக் குளிர்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம். ஏர்கோனை 24, 25-க்கு ஏற்றிப் பாருங்கள், வியர்வை நின்றுவிடும்.