சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுற பழைய கார்பரேட்டர் வண்டி

90கள்ல வந்த பெட்ரோல் கார், ஓடுறப்ப ஒரு குறையும் இல்ல, ஆனா சிக்னல்ல நின்னா ஸ்டீயரிங் வரைக்கும் உதறும், சில நாள் பொசுக்குனு ஆஃப் ஆயிடும். மெக்கானிக், பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு விடுற கார்பரேட்டரையே மாத்தணும்னார். ஆக்சிலரேட்டர் மிதிச்சா நல்லா ஓடுதே, அப்போ பெட்ரோல் பம்ப விட்டுட்டு ஐடில் சர்க்யூட்ட (ஆக்சிலரேட்டர் மிதிக்காம நிக்குறப்ப பெட்ரோல் போற வழி) தானே முதல்ல பாக்கணும்?

இன்ஜின் ஓடிட்டு இருக்கப்பவே வேக்குவம் ஹோஸ (இன்ஜின் காத்த உறிஞ்சுற ரப்பர் குழாய்) ஒவ்வொண்ணா அமுக்கி பாத்தேன், பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிக்கிறத லேசாக்குறது) போறத அமுக்கினதும் ஐடில் நிமிர்ந்துச்சு, பாத்தா அந்த ஹோஸ் முனைல வெடிப்பு, அது வழியா காத்து உள்ள போயிருக்கு. பிரேக் சமாச்சாரம்ங்கறதால ஒட்டுப்போடாம புதுசே போட்டேன், உதறல் போச்சு.

ஆஃப் ஆகுறது மட்டும் போகல. அது ஐடில் கட் ஆஃப் சாலினாய்டு (கார்பரேட்டர்ல இருக்குற கரண்ட்ல வேலை செய்யுற வால்வு) வேலை. 12 வோல்ட் வந்தா தான் உள்ள இருக்குற ஊசி பின்னாடி போயி ஐடிலுக்கு பெட்ரோல் விடும், சாவிய ஆன்ல வெச்சு வயர கழட்டி மாட்டினா டிக்னு கேக்கணும், எனக்கு வயர ஆட்டுறப்பலாம் டிக் டிக்னு விட்டு விட்டு கேட்டுச்சு, பாத்தா கனெக்டர் பச்சை பூத்து கெடக்கு. புது கனெக்டர் போட்டாச்சு. அப்படியே ஐடிலுக்கு பெட்ரோல் விடுற சின்ன ஓட்டை இருக்குற ஸ்லோ ஜெட்டயும் கழட்டி கிளீனர் அடிச்சு ஊதிட்டேன் (கம்பி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும்). இப்ப ஏசி போட்டாலும் ஆஃப் ஆகாம ஐடில் சீரா நிக்குது.