வீட்டுக் கடன் கேட்கப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஓசூர் சிப்காட்டில் வேலை, லைன் வீடு, வாடகை 6,000. இப்படி இருப்பவர்களுக்குத்தான் இது. 15 லட்சத்தில் ஒரு வீடு என்று கணக்கு வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒத்திகை. 13.5 லட்சம் கடன், 9% வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 12,150. வாடகை போக மீதி 6,150ஐச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஆறு மாதம், நடுவில் காதுகுத்து வந்தாலும் கைவைக்காமல் இருக்க முடிந்தால் தவணையும் கட்டிவிடலாம். முடியவில்லையா, விலை குறைந்த வீடாகப் பாருங்கள்.

அடுத்தது கைக்காசு. "10% போட்டால் போதும், மீதி பேங்க் தரும்" என்பார்கள். பொய்யில்லை, 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90% வரை தர ரிசர்வ் வங்கி விதியே இடம் கொடுக்கிறது. ஆனால் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% இந்த விலைக்கு அந்த 90% கணக்கில் சேராது. ஆக 1.5 லட்சத்தோடு இன்னும் 1.35 லட்சம் வேண்டும். பிஎஃப் பணத்தில் வீட்டுக்கென்று ஒரு பகுதி எடுக்கலாம், அதைக் கேளுங்கள். தயவுசெய்து கந்துவட்டிப் பக்கம் போகாதீர்கள்.

அப்புறம் பத்திரம். நான் சறுக்கிய இடம் இது. கிருஷ்ணகிரி போகிற வழியில் ஒரு மனை, "பட்டா இருக்குண்ணா, கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று புரோக்கர் சொல்ல, 50,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பேங்க் வக்கீல் தாய்ப்பத்திரம், வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) எல்லாம் புரட்டிவிட்டு, கடைசியில் மனை வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிடிசிபி நம்பர் எங்கே?" நகர் ஊரமைப்புத் துறை மனைப்பிரிவுக்குக் கொடுக்கும் அனுமதி எண் அது. இல்லை. கடனும் இல்லை. அட்வான்ஸில் 30,000 திரும்பி வரவே எட்டு மாதம் ஆனது. அதனால் காசு கொடுப்பதற்கு முன்பே டிடிசிபி நம்பரைக் கேளுங்கள், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தையும் நீங்களே பாருங்கள். அடமானம் என்று ஒரு வரி இருந்தால், அது தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள்.

மானியமும் உண்டு. பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0இல், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லையென்றால், முதல் 8 லட்சம் கடனுக்கு 4% வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையாக வரும். கடனுக்கு எழுதும்போதே கேட்டுவிடுங்கள், ஆனால் அதை நம்பி மாதக் கணக்குப் போடாதீர்கள்.

சம்பளத்தைக் கையில் வாங்குகிறவர்களுக்கு வீட்டுவசதி நிதி நிறுவனங்கள்தான் பெரும்பாலும் கைகொடுக்கும், வட்டி கொஞ்சம் கூடுதல். ஃப்ளோட்டிங் வட்டியா (அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி) என்று கேட்டு வாங்குங்கள், அதில் முன்கூட்டியே அடைத்தாலும் அபராதம் கிடையாது.