டிஸ்க் இமேஜை மவுண்ட் செய்யும்போது எந்தக் கோப்பு முறைமையைக் குறிப்பிடுவது?

2023 டிசம்பர் வெள்ளத்தில், திருநெல்வேலி சிந்துபூந்துறையில் இருந்த என் அத்தானின் கடைக் கணினி சேற்றோடு போய்விட்டது. கடைக் கணக்கு முழுவதும் விண்டோஸ் 7 ஓடிய ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) இருந்தது. அதன் டிஸ்க் இமேஜின் (முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக வைத்திருப்பது) நகல் ஒன்று மட்டும் மாடி அலமாரியில் தப்பியிருந்தது. அதை உபுண்டு லினக்ஸில் திறந்து கணக்கை மீட்ட முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இமேஜுக்கு இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே இமேஜை எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்தால் (உள்ளிருக்கும் கோப்புகளைத் திறக்கும்படி இணைத்தால்) கோப்பு முறைமை, அதாவது டிஸ்கில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு, சிதைந்துவிடும். பிறகு 'ஃபைல்' கட்டளையைக் கொடுத்து, இமேஜ் 'ரா' வகையா (டிஸ்கின் அப்படியே நகல்) 'கியூகவ்2' வகையா (கியூஎமு மென்பொருளின் சொந்த வடிவம்) என்று பாருங்கள்.

என்னை இரண்டு இரவுகள் நிறுத்தி வைத்த இடம் இதற்கு அடுத்தது. இமேஜை நேரடியாக மவுண்ட் செய்தபோது 'கோப்பு முறைமை வகை தவறு' என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தது. அதை அப்படியே நம்பி என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4, வீஃபேட் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தேன். வகையில் தவறே இல்லை. இமேஜ் என்பது முழு ஹார்டு டிஸ்க். அதன் தொடக்கத்தில் இருப்பது பார்ட்டிஷன் அட்டவணை (டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்ற பட்டியல்), கோப்பு முறைமை அதற்கு உள்ளே தள்ளித்தான் தொடங்குகிறது. 'எஃப்டிஸ்க்' கொண்டு பட்டியலிட்டபோது, கணக்கு இருந்த இரண்டாவது பார்ட்டிஷன் 206848ஆம் செக்டரில் தொடங்கியது தெரிந்தது. செக்டருக்கு 512 பைட் என்பதால் 'ஆஃப்செட்' (தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற எண்) 105906176. அந்த எண்ணைக் கொடுத்ததும், வகையைக் குறிப்பிடாமலே மவுண்ட் ஆனது.

இந்தப் பெருக்கல் வேலை வேண்டாம் என்பவர்களுக்கு 'லோசெட்டப்' கட்டளையைப் பெரிய எழுத்து 'பி' விருப்பத்தோடு பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு பார்ட்டிஷனும் தனிச் சாதனமாக வந்து நிற்கும். கியூகவ்2 இமேஜுக்கு இது உதவாது, 'கியூஎமு-என்பிடி' வேண்டும். அதன் பின் 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டும் வகையை மட்டும் நம்புங்கள்.

என்டிஎஃப்எஸ் என்று காட்டினால் வகையை நீங்களே குறிப்பிடுவது நல்லது. ஏனெனில் பழைய 'என்டிஎஃப்எஸ்-3ஜி', லினக்ஸ் கெர்னல் 5.15இல் சேர்ந்த 'என்டிஎஃப்எஸ்3' என இரண்டு டிரைவர்கள் இருக்கின்றன. விண்டோஸ் முறையாக மூடப்படாத பார்ட்டிஷனை எழுதும் உரிமையோடு திறக்க இரண்டாவது மறுக்கும். மீட்பு வேலையில் எதைத் தேர்ந்தாலும் 'படிக்க மட்டும்' என்றே மவுண்ட் செய்யுங்கள். எக்ஸ்ட்4 ஆனால் 'நோலோட்' விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். இல்லையெனில் படிக்க மட்டும் என்று கேட்டாலும், ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) நிலுவையில் இருப்பவை டிஸ்கில் எழுதப்படும்.

பின்சேர்க்கை: எக்ஸ்எஃப்எஸ் இமேஜ் மவுண்ட் ஆகவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் மூல இமேஜையும் அதன் நகலையும் ஒரே நேரத்தில் திறந்திருந்தார். இரண்டுக்கும் ஒரே யூயூஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) என்பதால் இரண்டாவது மறுக்கப்பட்டது. 'நோயூயூஐடி' விருப்பத்தைச் சேர்த்ததும் திறந்துகொண்டது.